ஜூன் மழையும் மழை மறைவுப் பிரதேசமும்: குமரி மாவட்டத்தில் புவியியல் நடத்துவது பற்றி

மார்த்தாண்டம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் புவியியலுக்குப் புதிய அணுகுமுறை என்று கூகுள் எர்த், ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட முறை), களப்பயணம், செயல்திட்டம் என அடுக்குகிறார்கள். எனக்குப் பிரிவேளை 40 நிமிடம், வகுப்பில் 45 பிள்ளைகள், கடைசியில் பொதுத்தேர்வு. இதில் எதைச் செய்தால் உண்மையிலேயே பலன் கிடைக்கும்? கல்லூரியில் புவியியல் நடத்தும் என் தங்கையும் இதையேதான் கேட்கிறாள்.”

டீச்சர், எந்தக் கருவியை வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் படித்து எழுதிவிட்டு மறந்துபோகிற பாடத்தை அவர்களே யோசிக்கிற பாடமாக மாற்ற முடியுமா, அதுவும் இருக்கிற நேரத்துக்குள், மதிப்பெண்ணை விட்டுவிடாமல் முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். நான் இந்த மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் எடுத்து, அப்புறம் பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியையும் பல வருடம் பார்த்தவன். தமிழ்வழி வகுப்புகளைத்தான் நெருக்கமாக அறிவேன். பெருநகரத்துப் பள்ளிகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை.

உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு மழை மறைவுப் பிரதேசமாக, அதாவது மலை காற்றை மறிப்பதால் மழை குறைந்த பக்கமாக இருக்கிறது, மாநிலத்துக்கு அதிக மழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் என்று பாடம் சொல்கிறது. மாநிலம் முழுவதற்குமாகப் பார்த்தால் அது சரி. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு இந்தப் பாடத்தை நடத்தும்போது மார்த்தாண்டத்தில் வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஜன்னலையும் பார்ப்பார்கள், புத்தகத்தையும் பார்ப்பார்கள், தேர்வுக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். என் கணக்கில் இந்த முரண்பாட்டைவிட நல்ல பாடம் புவியியலில் கிடையாது. “புத்தகமும் தப்பில்லை, மழையும் பொய்யில்லை, அப்படியானால் நாம் எங்கே இருக்கிறோம்?” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மலைத்தொடர் உள்ள வரைபடத்தைக் கொடுங்கள். மற்ற மாவட்டங்களுக்கு மேற்கே சுவராக நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, இங்கே நமக்கு வடக்கிலும் கிழக்கிலும் நிற்கிறது. மேற்கே அரபிக்கடல் திறந்து கிடக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கிழக்கே போகப் போக ஜூன் மழை குறைந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல், காவல்கிணறு பக்கம் போனால் அதே மாதத்தில் நிலம் காய்ந்து கிடக்கிறது. காற்று மட்டும் கணவாய் வழியாக நெருக்கிக்கொண்டு வேகமாகப் பாய்கிறது. காற்றாலைகளை ஏன் அங்கே கொண்டுபோய் நட்டார்கள், எந்த மாதங்களில் அவை அதிகம் சுழல்கின்றன, அப்போது எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று கேட்டால் விடை பிள்ளைகளிடமிருந்தே வரும். களியக்காவிளையிலிருந்து காவல்கிணறு வரை பஸ்ஸில் ஒரு காலை நேரம் போதும். இதைப் பார்க்க மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் எவ்வளவோ தூரம் போக வேண்டும்.

இதை அளக்கவும் செய்யலாம். பக்கம் நேராக உள்ள பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி அதையே புனலாகக் கவிழ்த்து வைத்தால் மழைமானி ஆயிற்று. பாட்டில் அடி சமமாக இருக்காது. அது மூடும் வரை முதலில் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர் என்பதை ஒரு தடவை கையால் ஊற்றிப் பார்த்த பிள்ளைக்கு மழையளவு அதன் பிறகு வெறும் எண் இல்லை. நாலைந்து பிள்ளைகளின் வீடுகள், தோவாளை பக்கம் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீடு, முடிந்தால் அங்குள்ள ஒரு பள்ளி என்று ஒரே நாளின் அளவுகளைச் சேர்த்தால் மாவட்டத்தின் மழைப் படம் மெல்ல உருவாகும். எல்லையையும் சொல்லிவிடுகிறேன்: இது வானிலைத் துறையின் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. மரத்தடியில் வைத்தால் குறையும், ஓட்டுச் சாரல் விழுந்தால் கூடும். எங்கே கூடுதல், எங்கே குறைவு என்ற போக்கை நம்பலாம். இரண்டு ஊருக்கிடையே 2 மி.மீ. வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. இதைப் பிள்ளைகளே சொல்லும்படி விடுங்கள். அளவை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கப் பழகுவதும் பாடத்தில் சேர்த்திதான். பக்கத்திலே கேரளத்தில் புவியியல் பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் சிறு வானிலை நிலையங்களையே அமைத்திருக்கிறார்கள். நமக்கு அது வரும்வரை பாட்டில் போதும்.

பருவங்கள் பாடமும் இப்படித்தான். சூரியன் மார்ச்சிலும் செப்டம்பரிலும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஜூனில் கடக ரேகைக்கு, டிசம்பரில் மகர ரேகைக்கு என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நம் தலைக்கு நேர் மேலே எப்போது வரும் என்று கேட்டால் திகைப்பார்கள். நாகர்கோவிலின் அட்சரேகை சுமார் 8.2 டிகிரி வடக்கு. அதனால் ஏப்ரல் 11ஐ ஒட்டியும் செப்டம்பர் 1, 2ஐ ஒட்டியும் நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. நண்பகல் என்றால் கடிகாரத்தில் 12 இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது, நாம் அதற்கு மேற்கே ஐந்து டிகிரி தள்ளி இருக்கிறோம், அதனால் நமக்கு உச்சி கிட்டத்தட்ட 12.20க்கு. ஏப்ரல் தேர்வுக் காலம் என்பதால் செப்டம்பரை வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 21 அன்று ஒரு மீட்டர் கம்பின் உச்சிவேளை நிழல் சுமார் 27 செ.மீ. நீளத்தில் தெற்கே விழும்; டிசம்பர் 22 அன்று சுமார் 62 செ.மீ. நீளத்தில் வடக்கே விழும். நிழல் தெற்கே விழுவதை ஒரு முறை பார்த்த பிள்ளை சூரியன் இடம் மாறுவதை மறக்காது. சென்னையில் ஒரு பள்ளியோடு பேசி வைத்துக்கொண்டு, நமக்கு நிழல் இல்லாத அந்த நாளில் அவர்களையும் அவரவர் உச்சிவேளையில் அளக்கச் சொன்னால் அங்கே 8, 9 செ.மீ. நிழல் இருக்கும். அந்த நிழல் காட்டும் கோணத்தையும் இரண்டு ஊருக்கும் உள்ள சுமார் 545 கிலோமீட்டர் வடக்கு-தெற்குத் தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம். கணக்கு டீச்சரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் அடுத்த நாள் செய்யலாம். ஒரு நாள் தள்ளினால் பெரிய பிழை வராது.

சரி, எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டால் இப்படிப் பிரிப்பேன். படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகுவது திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நன்றாக நிற்கும். கற்றல் ஆய்வுகளில் இதுபோல் உறுதிப்பட்ட முடிவுகள் குறைவு. களப்பயணம் பலன் தருவது, போகும் முன் கேள்வி இருந்து, திரும்பி வந்த பின் அதற்கு விடை எழுதினால் மட்டுமே. இரண்டும் இல்லாவிட்டால் அது சுற்றுலாதான். அதுவும் மகிழ்ச்சிதான், ஆனால் புவியியல் என்று சொல்ல முடியாது. ஸ்மார்ட் போர்டு, முப்பரிமாணக் கண்ணாடி போன்றவை தாமாகக் கற்றலைக் கூட்டும் என்பதை நான் நம்பவில்லை. அவற்றில் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளை வகை பிரித்து அதற்கேற்ப நடத்தச் சொல்லும் பயிற்சிகள் இன்னும் நடக்கின்றன. அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தை மழைமானிக்குச் செலவிடுங்கள்.

இன்னொன்று: இவற்றில் பெரும்பாலானவை புதிதே அல்ல. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1914இல் இந்தியாவுக்கு வந்து நகரங்களை ஆராய்ந்தார், பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை ஒரு பள்ளத்தாக்கை நீளவாக்கில் வெட்டிப் பார்த்து, எந்த உயரத்தில் எந்தத் தொழில், எந்தக் குடியிருப்பு என்று படிக்க வேண்டும் என்பது அவர் வழி. அதற்கு இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. பேச்சிப்பாறையிலிருந்து திற்பரப்பு, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் வரை கோதையாற்றோடு இறங்கினால் காணிக்காரர் குடியிருப்பு, ரப்பர்த் தோட்டம், மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும், மிச்சமிருக்கும் நெல்வயல், தென்னை, கடைசியில் மீனவர் ஊர் என்று எல்லாமே ஒரு பகலுக்குள் வந்துவிடும். மேடைகளில் இதைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமை நியாயமானது. ஆனால் பெயர் வைத்ததோடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். ரப்பர் ஏன் கடற்கரை வரை வரவில்லை? நெல் இருந்த இடத்தில் வாழை வந்தது எப்போது, ஏன்? கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் இப்போது ஒரு போகமாவது விளைகிறதா? மாத்தூர்த் தொட்டிப் பாலத்தில் பறளியாறு கீழே ஓட, சுமார் 115 அடி உயரத்தில் பாசனச் சானல் தண்ணீர் மேலே போகிறதே, அப்படி ஏன் கட்ட வேண்டி வந்தது? இப்படிப்பட்ட ஒரு கேள்விக்கு விடை தேடும்போது சம உயரக்கோடு, பாசனம், விலை, குடிபெயர்வு எல்லாம் தாமாக உள்ளே வரும். சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத் தாள்களில் நம் மாவட்டம் பழைய எண் வரிசையில் 58 எச் தொகுதிக்குள் வருகிறது. புதிய திறந்த வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு தாளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் வருடம் முழுக்க வேலை இருக்கும்.

பிள்ளைகள் சேகரிக்கும் தகவல் விளையாட்டுத்தானே என்று யாராவது சொன்னால் பிரிட்டனின் நிலப்பயன்பாட்டு அளவாய்வைச் சொல்லுங்கள். புவியியலாளர் டட்லி ஸ்டாம்ப் 1930களில் அதை நடத்தியபோது வயல் வயலாகப் போய் வரைபடத்தில் குறித்தவர்களில் பள்ளி மாணவர்கள் ஏராளம். பின்னால் போர்க்காலத்தில் உணவு உற்பத்தியைத் திட்டமிட அந்தப் படங்கள் பயன்பட்டன. 1990களின் தொடக்கத்தில் கேரளத்தில் ஊர்மக்களே தங்கள் பஞ்சாயத்தின் நிலத்தையும் நீரையும் வரைபடமாக்கிய முயற்சியும் இந்த வழியில் வந்ததுதான். உங்கள் பள்ளியைச் சுற்றி ஒரே ஒரு வார்டை எடுத்து ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி, நெல், வீடு, தரிசு என்று ஏழு நிறத்தில் தீட்டச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து வரும் பிள்ளைகள் அதே வார்டை மறுபடி தீட்டினால், அது வேறு எங்கும் கிடைக்காத ஆவணம். நிலம் யாருடையது, எந்தச் சாதி, எவ்வளவு வருமானம் என்று மட்டும் பிள்ளைகளைக் கேட்க விடாதீர்கள். பயிர் எது என்பது போதும்.

கூகுள் எர்த்தைக் கேட்டிருந்தீர்கள். நம் கடற்கரைக்கு அது அருமையான கருவி. பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதி வாரியாகப் பின்னோக்கிப் பார்க்க முடியும், தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்சுவர்) போட்ட ஊரில் ஒரு பக்கம் மணல் சேர்வதையும் மறுபக்கம் கடல் அரிப்பதையும் பிள்ளைகளே காட்டுவார்கள். ஆனால் இங்கேதான் அவசர முடிவுகளும் வரும். தென்மேற்குப் பருவத்தில் அலை மணலை இழுத்துப்போவதும் பிறகு அமைதியான மாதங்களில் கொஞ்சம் திரும்பச் சேர்ப்பதும் வருடாவருடம் நடப்பது. ஒரு படம் பிப்ரவரியிலும் இன்னொன்று ஆகஸ்டிலும் எடுக்கப்பட்டிருந்தால், பத்து வருட அரிப்பு என்று நாம் நினைப்பது ஆறு மாத மாற்றமாக இருக்கலாம். அதே மாதத்துப் படங்களை ஒப்பிடுங்கள். கைப்பேசி ஜி.பி.எஸ். சில மீட்டர்கள் தவறும் என்பதால் அதை வைத்துக் கரை 5 மீட்டர் நகர்ந்தது என்று எழுத விடாதீர்கள். இதற்கெல்லாம் ஒரே ஒரு கைப்பேசியும் புரொஜெக்டரும் போதும், 45 பேருக்கும் கணினி வேண்டியதில்லை.

மணவாளக்குறிச்சி மணலும் இப்படித்தான். மலைப்பாறை சிதைந்து, ஆறு சுமந்து, அலை எடை பார்த்துப் பிரித்துப் போட்டதால் இல்மனைட், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் அங்கே குவிந்தன என்பது நிலைபெற்ற அறிவு. மணலை எடுக்கலாமா, கரை என்னவாகும், மக்கள் உடல்நலம் என்னவாகும் என்பவை இன்னும் ஊரில் சண்டையாக இருக்கிற கேள்விகள். முதல் வகையை நடத்துங்கள். இரண்டாம் வகையை விவாதிக்க விடுங்கள், உங்கள் தீர்ப்பைப் பாடமாகக் கொடுக்காதீர்கள்.

கடலோரப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பதைவிட அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அதிகம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் திசைகளை அப்பா வாயிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கரையில் தெரியும் மலையுச்சியையும் கோவில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, அப்படி இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கடலுக்கடியில் இருக்கும் பாரை (பாறைத்திட்டை)க் கண்டுபிடிக்கிற தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். வகுப்பில் நாம் கற்பிக்கிற இடம் குறித்தலும் அதே கணக்குத்தான். இன்னொரு பக்கம், 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை நடத்தும்போது மிகுந்த கவனம் வேண்டும். குமரிக்கடலருகே அது வேகமாகப் புயலாக வலுத்ததும், ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததும் பேரிடர்ப் பாடத்தின் மையம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து வகுப்பறைகளில் அப்பாவை, அண்ணனை, மாமாவை அந்தக் கடலில் இழந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கலாம். அங்கே அதை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்த எடுப்பில் தொடங்காதீர்கள். முன்னதாகப் பேசுங்கள், பேச விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள்.

பொதுத்தேர்வுக்கு வருகிறேன், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஊர், ஆறு, மலை, கணவாய் எங்கே இருக்கிறது என்ற நினைவு இல்லாமல் யோசிக்கவும் முடியாது. அதனால் வாரத்தில் இரண்டு பிரிவேளைகளின் முதல் ஐந்து நிமிடம் வெற்று வரைபடத்தைக் கொடுத்து, சென்ற மாதம் படித்ததை நினைவிலிருந்து குறிக்கச் சொல்லுங்கள், உடனே திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். வரைபட வினாவுக்கு இதைவிட மலிவான தயாரிப்பு கிடையாது. மற்றபடி வருடத்துக்கு மூன்றே மூன்று ஆய்வு போதும்: ஜூனில் மழை, செப்டம்பரில் நிழல், அதற்குப் பிறகு ஒரு வார்டின் நிலப்பயன்பாடு. பாடப் பகுதிகளோடு இவை நேரடியாகச் சேர்வதால் தனியாக நேரம் தேட வேண்டாம். வெளியே போவதாக இருந்தால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, கூட இன்னொரு ஆசிரியர், இந்த மூன்றும் கட்டாயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடற்கரையில் தண்ணீர்ப் பக்கமே விடாதீர்கள்.

உங்கள் தங்கைக்கு: கல்லூரியில் ஜி.ஐ.எஸ். வேண்டும், சந்தேகமே இல்லை. கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம் இருக்கிறது, சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, லேண்ட்சாட் செயற்கைக்கோள் பட வரிசை 1972 வரை பின்னோக்கிப் போகிறது. ஆனால் நம் மாவட்டத்தில் மென்பொருள் அழகாகப் போட்டுத்தரும் நிலப்பயன்பாட்டுப் படத்தை அப்படியே நம்பக் கூடாது. நம் புரையிடங்களில் (வீட்டுத் தோட்டங்களில்) தென்னைக்குக் கீழே பலா, அதற்குக் கீழே வாழை, மரச்சீனி, நடுவில் வீடு. மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு எல்லாம் ஒரே பச்சை. ரப்பர்த் தோட்டத்தைக் காடு என்றும் காட்டை ரப்பர் என்றும் வகைப்படுத்திவிடும். ரப்பர் இலை உதிர்க்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான படத்தைச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. ஆகவே மாணவர்கள் படத்தில் குறித்த இடங்களில் ஒரு பகுதிக்காவது நேரில் போய்ச் சரிபார்த்து, எத்தனை இடத்தில் மென்பொருள் தவறியது என்று அட்டவணை போட வேண்டும். திட்ட அறிக்கைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை அந்த அட்டவணைக்கும் அதற்கான விளக்கத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். வண்ணப்படத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் அடுத்த வருடம் அதே படம் வேறு பெயரில் வரும். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் தீட்டிய வார்டு வரைபடம் இருந்தால் அவளுடைய மாணவர்கள் சரிபார்ப்பை அந்த வார்டிலேயே தொடங்கலாம்.